ஒன்பதாம் வரி

மகள் நான்காம் வகுப்பில் இருந்த வருடம் அது. எந்தப் பிள்ளை பல்கலைக்கழகப் படிப்புக்கு வழிவிடும் ஜிம்னாசியம் என்ற பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று வகுப்பாசிரியை எழுதித் தருவது அந்த வருடத்தில்தான். ஜெர்மனியில், ஹம் நகரத்தில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அக்கா, தன் மகனுடைய பழைய ஜெர்மன் பரீட்சைத் தாளைத் தேடியெடுத்துக் கொடுத்தார். முள்ளெலி ஒன்றைப் பற்றிய கதை, கீழே ஆறு கேள்விகள்.

"ஒவ்வொரு வருசமும் இதைத்தான் குடுக்கிறவை. புதுசா எழுத அவைக்கு எங்கை நேரம்? யோசிக்காமல் கொண்டுபோம்."

யோசித்தேன். இது பிழையா? ஊரில் நாங்களும் பழைய வினாத்தாள் பார்த்துத்தானே படித்தோம். பதில் மட்டும் எழுதினால் போதாது, அது கதையில் எத்தனையாம் வரியில் இருக்கிறது என்றும் காட்டவேண்டும். ஆறு வரிகளுக்கும் மஞ்சள் பேனையால் கோடிட்டேன். ஒரு வாரத்தில் மகள் பாடமாக்கிவிட்டாள். குசினியில் நின்று "மூண்டாவது?" என்பேன். "விறகுக்குக் கீழை. வரி ஒன்பது" என்பாள், தலை நிமிர்த்தாமலே.

பரீட்சைக்கு அதே முள்ளெலிதான் வந்தது. கதையை மாற்றியிருந்தார்கள்.

திருத்திய தாளை மகளிடம் வாங்கிப் பார்த்தேன். ஆறும் பிழை. ஒன்பதாம் வரியை விரலால் தேடினேன். அங்கே முள்ளெலி சருகுக் குவியலுக்குள் படுத்திருந்தது. 'இது எங்கே எழுதியிருக்கிறது?' என்று சிவப்பு மையில் ஆறு இடத்தில் கேட்டிருந்தார் ஆசிரியை. அடியில், என்னை வரச்சொல்லி நாளும் நேரமும் குறித்த ஒரு டெர்மின்.

"நீ கதையை வாசிக்கேல்லையா?"

"முதல் வரி அதேதானே அம்மா. பிறகு வாசிக்கேல்லை."

"டீச்சர் என்ன கேட்டவ?"

"விறகு எங்கையிருந்து வந்தது எண்டு கேட்டவ. எனக்கு வாசிச்சா விளங்கிறேல்லை எண்டு சொன்னனான்."

தடித்த புத்தகத்தை இரண்டு நாளில் முடிக்கிற பிள்ளை.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"பேப்பர் வீட்டிலை இருக்கெண்டு சொன்னா உங்களுக்கெல்லோ ஏச்சு விழும்." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

பொய்க்கு ஏசுவதா? யாருடைய பொய்க்கு? வாசித்து விளங்காத பிள்ளை என்று எழுதிவிட்டால் அது அவளோடு கூடவே போகும். உண்மையைச் சொன்னால் ஏமாற்றிய பிள்ளை என்று எழுதுவார்களோ? மூன்று நாள் மாறி மாறி யோசித்தேன்.

சந்திப்பில் ஆசிரியை மெதுவாகத்தான் தொடங்கினார். மகளுக்கு வாசிப்பில் உதவி தேவை, ஜிம்னாசியம் கடினமாக இருக்கும் என்றார். அவர் முன்னால் பரிந்துரைப் படிவம் இருந்தது. நான் பையைத் திறந்து மஞ்சள் கோடிட்ட தாளை மேசையில் விரித்தேன். மூலையில் அக்காவின் மகனுடைய பெயரை வெட்டியெடுத்திருந்தேன். வீட்டில் ஆயத்தப்படுத்திய ஜெர்மன் வசனம் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் வரியில் விரலை வைத்தேன்.

"இங்கே," என்றேன். "படிப்பித்தது நான்."

ஆசிரியை அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு படிவத்தை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார். நாளைக்கு மகளிடம் வேறொரு கதை கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

"வீட்டில் ஒன்றும் செய்யவேண்டாம்," என்றார்.