கிராம சபை நோட்டு

பி.ஏ. அரசியல் அறிவியலில் நான் ஆசைப்பட்டுச் சேரவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன், மதிப்பெண் பற்றவில்லை. அருப்புக்கோட்டைக் கல்லூரியில் மிச்சமிருந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். எந்தக் கட்சியில் சேரப்போகிறாய் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. அப்பா மட்டும் கேட்கவில்லை. மகள் சர்க்காரைப் பற்றிப் படிக்கிறாள் என்பதே அவருக்குப் பெருமை. அவரும் ஒரு வகையில் சர்க்கார் ஆள்தானே. எங்கள் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடும் வேலை. தற்காலிகம்தான், பதினாறு வருடத் தற்காலிகம்.

சாயங்காலம் எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீடு சேர்ந்தால், அன்றைக்கு என்ன பாடம் என்று கேட்பார். நானும் பெரிய வாத்தியார் மாதிரி சொல்வேன். கிராம சபை பற்றிச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் ஓட்டுள்ள எல்லோரும் அதில் உறுப்பினர், அவர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவுதான் தீர்மானம், அதை மேலே இருப்பவர்கள் மதித்தாக வேண்டும் என்றேன். அப்பா வால்வு திருகும் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "அப்படியா எழுதியிருக்கு?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

இரண்டாம் வருடம், குடியரசு தினத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, கிராம சபை நோட்டோடு வீட்டுக்கு வந்தார். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஊரில் பாதிப் பேர் விடிந்தும் விடியாமல் மில் வேனில் ஏறிவிடுவார்கள். மீதிப் பேர் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். பக்கத்தின் மேல்பாதியை வெறுமையாக விட்டு, கீழ்ப்பாதியில் கையெழுத்து. தீர்மானத்தைப் பஞ்சாயத்துக் கிளார்க் பிறகு எழுதிக்கொள்வார். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது அப்பா. அவர் வேலையில் சேராத வேலை அது, ஆனால் கிளார்க் சொன்னால் செய்தாக வேண்டும்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். நான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். போன கூட்டத்தில், ஊரில் குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை என்று ஒரு தீர்மானம். அதன் கீழே அம்மாவின் கோணல் கையெழுத்து. அந்த மாதம் முழுக்க அவள் தோட்டத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவிடம் காட்டினேன். மேலே என்ன எழுதுகிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார்.

கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் இருபது பேர் இருந்தால் அதிகம். யூனியன் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அப்பா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்ததும், படித்த பெண் பேசப்போகிறாள் என்று எல்லோரும் திரும்பினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். கிளார்க்கைப் பார்த்துத்தான் கேட்டேன். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பொறுப்பும் என்று படித்திருந்தேன்.

கிளார்க் பதறவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்குனது உங்கப்பாதானம்மா. அவுககிட்டயே கேளு."

அப்பா டீ டம்ளர்களை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். உண்மையா என்று அதிகாரி கேட்டார். "ஆமாய்யா, நாந்தான் வாங்குனேன்" என்றார் அப்பா. யார் சொல்லி வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். பாடத்தின் ஐந்து யூனிட்டையும் தலைகீழாக ஒப்பிப்பவளுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை.

அடுத்த வாரமே அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கம்பியையும் மோட்டார் ரூம் சாவியையும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார். எந்த வால்வு இறுகும், எதை அரைச் சுற்றோடு நிறுத்த வேண்டும் என்று இரண்டு நாள் கூடவே நடந்து காட்டிக்கொடுத்தார். பிறகு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அன்றைக்கு என்ன பாடம் என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

ஏப்ரல் பரீட்சையில் கிராம சபையின் பணிகளை விவரிக்கச் சொல்லி ஒரு கேள்வி. புத்தகத்தில் இருந்தபடியே ஆறு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண். வீட்டில் சொல்லவில்லை.

மே மாதக் கூட்டத்துக்கு நோட்டு எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. ஆகஸ்டில் ஆள் குறைந்ததோ என்னவோ, புது ஆபரேட்டர் எங்கள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மூன்று பிள்ளைக்காரர், சின்னது இன்னும் பால்வாடிக்குத்தான் போகிறது. அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நோட்டை வாங்கி விரித்து, தானே முதலில் கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள். பிறகு அப்பா நோட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"போடுத்தா. அவனாச்சும் வேலையில இருக்கட்டும்."

அந்தக் குடியரசு தினக் கூட்டத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. அதில் என்ன எழுதுவார்கள் என்று நான் கேட்கவில்லை. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.