கரைவெட்டி ஏரியின் கவண்காரர்

யுத்தம் முடிந்த வருஷம் மார்கழியில், என் ஐந்தாம் வகுப்புப் பெண்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போனேன். டீச்சராகிய எனக்குத் தெரிந்ததோ காக்கையும் கொக்கும்தான்.

என் மானத்தைக் காப்பாற்றியவர், ஏரியோர வயலில் பரண்மேல் உட்கார்ந்து பறவை விரட்டும் காவல்காரர். கோவணத்துக்கு மேலே பட்டாளத்துக் காக்கிக் கோட்டு. பித்தான் ஒன்று விடாமல் போட்டிருந்தார். போலீஸ்காரர் திருடனைக் காட்டுவதுபோலத்தான் ஒவ்வொரு பறவையையும் காட்டினார்.

"அந்தா, சிறகி வாத்து. இருட்டுனதும் கூட்டமா வந்து நெல்லத் திங்கும். இந்த நீலக்கோழி பயிரையே ஒடிச்சுப் போட்டுரும். நாரை பாவங்க, மீனோட சரி."

அப்போது நீலக்கோழி ஒன்று வயலில் இறங்கியது. அவர் ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு கவணைச் சுழற்றினார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கல் எங்கேயோ தள்ளி விழுந்தது. கோழி சாவகாசமாக நடந்து கோரைக்குள் போனது.

"படவே இல்லியே!" என்றாள் ஒருத்தி.

"பட்டா நாளைக்கு வராதே, கண்ணு. அப்புறம் எனக்கு ஏது வேல?" என்றவர் என் பக்கம் திரும்பி, "பண்ணையார்கிட்ட சொல்லிப்புடாதீங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் கட்டுரையில் முக்கால்வாசிப் பேர், 'ஏரியில் பறவைகளுக்கு ஒரு காவல்காரர் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். 'வயலுக்கு' என்று திருத்தச் சிவப்பு மையைத் தொட்டவள், கொஞ்சம் யோசித்து, எல்லோருக்கும் சரி போட்டேன்.