வாயைத் திறக்காத மீனும் நேமிசந்திரனும்

விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் நேமிசந்திரன் அட்டெண்டர். செஞ்சிப் பக்கத்துச் சமணர். கத்தரிக்காய்ப் புழுவைக்கூட இலையோடு எடுத்துப்போய்ச் செடியில் விட்டுவருகிற மனிதருக்கு, தவளையையும் மீனையும் பாட்டிலில் அடைக்கிற இடத்தில்தான் வேலை கிடைத்தது.

1986-இல் மாணவர்கள் பாண்டிச்சேரிக் கடற்கரைக் கருங்கல் இடுக்கிலிருந்து விரல் நீளச் சிவப்பு மீன் ஒன்றைப் பிடித்துவந்தார்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்.

"திங்கக்கிழமை ஃபார்மலின்ல போட்டுடலாம். அதுவரைக்கும் பாத்துக்கய்யா" என்றார் பேராசிரியர் சக்கரபாணி.

மீன் பகலெல்லாம் தொட்டியிலிருந்த கல்லுக்குப் பின்னால் பதுங்கியது. நேமிசந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்ட இறால் துண்டை அது தொடவில்லை. மூன்றாம் நாளும் பட்டினி. தாடை மட்டும் உப்பியிருந்தது.

"சார், இது உபவாசம் இருக்குதுங்க. எங்காளுங்க மாதிரி."

"மீனு எங்கனா விரதம் இருக்குமாய்யா? கட்டியா இருக்கும்."

பேராசிரியர் குனிந்த நேரம் மீன் வாயைத் திறந்தது. உள்ளே குண்டூசித் தலையளவில் கொத்தாக முட்டைகள். அவற்றை ஒருமுறை புரட்டிவிட்டு மூடிக்கொண்டது.

"யோவ், இது அப்பன்யா! பொட்டை முட்டை போட்டதும் இது வாயில வாங்கி வெச்சிக்கும். பொரியறவரைக்கும் ஒண்ணும் தின்னாது."

"அம்மாக்காரி?"

"அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். குஞ்சுங்க தொட்டியில பொழைக்காது. கடல்ல மிதந்துகினு, கண்ணுக்குத் தெரியாத பூச்சியத் தின்னு வளரணும்."

"அப்ப நான் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேங்க."

"ரிஜிஸ்டர்ல என்னாய்யா எழுதறது?"

"ஊருக்குப் போயிருக்குன்னு எழுதிடுங்க."

பேராசிரியர் சிரித்துவிட்டார். மறுநாள் காலை நேமிசந்திரன் தூக்குவாளியோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினார். சமணர்களை நயினார் என்று அழைக்கும் பக்கத்து ஊர்க்காரரான கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்னா நயினாரே, மீனா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சமைக்கறதுக்கு இல்லீங்க. புள்ளத்தாச்சி."

"அப்ப முன்னாடி லேடீஸ் சீட்ல வைங்க."

"ஆம்பளைங்க" என்றார் நேமிசந்திரன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அலை பின்வாங்கும் நேரம் பார்த்து வாளியைக் கல்லிடுக்கில் சாய்த்தார். மீன் சட்டென்று இருட்டுக்குள் நுழைந்துகொண்டது. அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். ஏனோ வயிறு நிறைந்ததுபோல இருந்தது.

வீடு திரும்புவதற்குள் சேதி முந்திவிட்டது. மனைவி குணமதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மீன் வாங்கிகினு போனீங்களாமே?"

அவர் முழுக்கதையையும் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"அப்பன்னா அதான் அப்பன். இந்த ரெண்டு பொண்ணுங்களையும் ஒரு மணி நேரம் பாத்துக்கினு இருங்க. எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்."

அவள் பொழுது சாயத்தான் வந்தாள். நேமிசந்திரன் தலையில் மகள்கள் இரண்டு ரிப்பன்களைக் கட்டிவிட்டிருந்தார்கள்.