ஓடிட்டு வந்து காட்டுன கால்வலி

ராஜபாளையத்துக்குக் கால்வலி பாக்கப் போறவியளுக்கு உதவட்டும்னு இத எழுதுதேன். நாங்க போனது தொண்ணூத்தி நாலு, புரட்டாசி ரெண்டாஞ் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அண்ணன் மக செல்வி எண்ணூறு மீட்டர் ஓடுதவ. நாலு மாசமா, ஓடுனா எடது கெண்டக்கால் கல்லு மாதிரி இறுகி, பாதம் மரத்துப் போயிருது. நின்னா பத்து நிமிசத்துல சரியாயிருது. மூணு தடவ வைத்தியம் பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாவ. "சோம்பேறித்தனம், நடிக்கா. இன்னைக்கும் ஒண்ணுமில்லன்னா ஓட்டத்துக்கு முழுக்குதான்"னு அண்ணன் சொல்லிருச்சு.

காலையில ஆறு மணிக்குத் திருவண்ணாமலை போனோம். சிவன் கோயில் ஊரு இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்க நம்ம மலைப் பெருமாளத்தான் சொல்லுதேன். சனிக்கிழமை கூட்டம் அம்மிரும், ஆறுக்கே போயிருங்க. படியேறுனா கால் புடிச்சிக்கும்னு செல்விய அடிவாரத்துலயே உக்கார வச்சிட்டு, அவளுக்கும் சேத்து நானே சேவிச்சிட்டு வந்தேன்.

ஒம்பதே முக்காலுக்கு அண்ணனயும் கூட்டிக்கிட்டு ராஜபாளையம் பஸ் ஏறுனோம். பதினோரு கிலோமீட்டர், ரெண்டு ரூவா டிக்கெட்டு, அரை மணி நேரம். எறங்குனதும் நடக்கவிடாம ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வச்சேன். காலையிலயே தைலம் வேற தேச்சு விட்டிருந்தேன். முந்துன மூணு தடவையும் இப்பிடித்தான் தாங்கித் தாங்கிக் கூட்டிட்டுப் போனேன்.

அங்க இருந்த டாக்டரம்மா செல்விகிட்ட கேட்டாவ: "இப்ப வலிக்கா?"

"இல்ல டாக்டர்."

"பஸ்ஸுல சிரிச்சிக்கிட்டுதான வந்தா!" அண்ணன் குத்துச்சு.

டாக்டரம்மா என்னயப் பாத்தாவ. "வலிய வீட்டுல வச்சிட்டு வந்தா நான் எதப் பாக்க? ஓடிட்டு வரட்டும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஓடுறதுக்கு முன்னாடி கணுக்கால்ல பிரஷர் பட்டையச் சுத்தி, பசை தடவி, பேனா மாதிரி ஒண்ண வச்சாவ. ஊசியுமில்ல, கத்தியுமில்ல. 'உஷ் உஷ்'னு சத்தம் வந்துச்சு. ரத்தம் ஓடுற சத்தமாம்! பெருமாளே, ஒடம்புக்குள்ள இம்புட்டுப் பெரிய ஓட்டமான்னு நான் வாயப் பொளந்துட்டேன்.

பொறவு ஆஸ்பத்திரிக்குப் பின்னால சந்துல ஓடுனா. ஏழாவது நிமிசம் நொண்டிக்கிட்டு வந்தா. உடனே படுக்க வச்சு பேனாவ வச்சாவ. சத்தம் ஈனமா வந்துச்சு. "பாதத்தக் கீழ அழுத்தும்மா"ன்னாவ. அழுத்துனா, சத்தமே நின்னு போச்சு.

"மிஷினு கெட்டுப் போச்சோ?" அண்ணன் எந்திரிச்சுருச்சு.

டாக்டரம்மா பேனாவ வலது கால்ல வச்சாவ. உஷ் உஷ் உஷ். மறுபடி எடதுல. ஒண்ணுமில்ல.

"முட்டிக்குப் பின்னால தசை ரத்தக்குழாய நெருக்குது போலருக்கு. மதுரையில ஸ்கேன் பாத்து உறுதி பண்ணணும். அதுவரைக்கும் ஓடக்கூடாது. சரி பண்ணிட்டா ஓடலாம்."

"அப்ப நான் நடிக்கல, என்னப்பா?"ன்னு செல்வி கேட்டா.

அதனால சொல்லுதேன், கால்வலி காட்டப் போறவிய தைலம் தேய்க்காதிய, ஆட்டோ வைக்காதிய. ஓடுற ஷூவ எடுத்துட்டுப் போங்க. டாக்டருகிட்ட ஓடிட்டு வந்து காட்டவான்னு நீங்களே கேளுங்க. கோயில்லயும் வேண்டிக்கோங்க, ஆனா நோயாளிய அடிவாரத்துல விட்டுட்டு வேண்டாதிய.

திரும்பும்போது பஸ்ஸ்டாண்டு வரைக்கும் மெதுவா நடந்தே வந்தோம். செல்வியோட ஷூ இருந்த பைய அண்ணன் தோள்ல போட்டுக்கிட்டு, அவளுக்குப் பின்னாலயே வந்துச்சு.