ராதிவோயேவின் விறகு அடுக்கு

பக்கத்து வீட்டு ராதிவோயே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வீட்டைச் சூடாக்க விறகா, கேஸா என்று இரண்டு வருஷம் மண்டையைக் குழப்பிக்கொண்டவர். விறகென்றால் முதுகு ஒடியும், சாம்பல் அள்ள வேண்டும். ஆனால் அந்தச் சூட்டிலேயே பீன்ஸும் வெந்துவிடும். கேஸ் ஹீட்டருக்குப் பட்டன் போதும்; ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு. கடைசியில் மனைவி ஸ்தாமென்காவின் நச்சரிப்பு தாங்காமல் ஹீட்டர் மாட்டினார்.

செப்டம்பர் வந்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரான வால்யேவோவில் குளிர்காலத்துக்கு அப்போதே விறகு அடுக்காத வீட்டைப் பார்த்தால், ஆள் செத்துவிட்டாரா என்று விசாரிப்பார்கள். ஒரு டிராக்டர் விறகு இறக்கி, வழக்கமான சுவரோரம் கூரை முட்ட அடுக்கினார். மூன்று நாள் நானும் கைகொடுத்தேன். என் மரமண்டைக்கும் உறைக்கவில்லை.

முதல் குளிரிலேயே ஹீட்டர் நின்றது.

"பாத்தியா? நான் அப்பவே சொல்லல?" என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பழைய விறகடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் வந்த மெக்கானிக் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "மாமா, ஹீட்டரோட புகை சுவர் வழியா வெளிய போற குழாய விறகால அடைச்சு வச்சிருக்கீங்க. நல்லவேளை, மெஷின் தானாவே நின்னுடுச்சு; இல்லேன்னா புகை வீட்டுக்குள்ள வந்திருக்கும். விறக எடுத்துடுங்க."

ராதிவோயே நூல் பிடித்ததுபோல் நின்ற அடுக்கைத் தடவிக்கொடுத்தார்.

"ஏன் தம்பி, குழாய எடுத்துட்டா ஆகாதா?"