மூடி போட்டு அவித்த முள்ளங்கி

சென்ற சனிக்கிழமை சிவப்பு முள்ளங்கியை அடுப்பில் ஏற்றினேன். எங்கள் குசினியில் இது முதல் தடவை!

பச்சையாகத் துருவி, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து, தேசிக்காய் பிழிந்து சம்பல் போட்டால் என் மனைவி ஆசையாகச் சாப்பிடுவாள். அவிக்க மட்டும் விடமாட்டாள். அவியும்போது வருமே ஒரு மணம்... மணமா அது? "இஞ்ச, அதை அவிச்சீங்களெண்டா நான் வீட்டை விட்டுப் போயிடுவன்" என்பாள்.

போன வருடம் போய்விட்டாள். முள்ளங்கியால் அல்ல, நெஞ்சுவலியால்.

சந்தையில் பாதிக் கட்டுத்தான் கேட்டேன். "கட்டப் பிரிக்க ஏலா சேர்" என்றார் மரக்கறி விற்கும் மூதூர் நானா. தனியாளுக்கு முழுக்கட்டு எதற்கு? கொஞ்சம் சம்பல் போட்டேன். இலையை எறியவில்லை, கல்சியமும் இரும்புச்சத்தும் அதில்தானே இருக்கிறது? வறை வறுத்தேன். கிழங்கில் நார்ச்சத்தும் விற்றமின் சியும் உண்டு. அவித்தால் விற்றமின் குறையும் என்பார்கள். குறையட்டுமே! இனி என்னை யார் தடுப்பது?

மிச்சத்தை வெட்டி, மூடி போட்டு அவியவிட்டேன். வீடு முழுக்க நாற்றம். விறாந்தைக் கதிரையில் போய் உட்கார்ந்தேன் — எதற்கு? யாராவது ஏசுவார்கள் என்று!

ஒருவரும் ஏசவில்லை. துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. என்ன செய்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை... இதுவும் ஒரு சுதந்திரமா?

"மாஸ்டர்! காஸ் கீஸ் லீக் ஆகுதோ? பொல்லாத நாத்தமா இருக்கு!"

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு இராசாத்தி அக்காவின் தலை தெரிந்தது. கையில் அகப்பை, சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"இல்லையக்கா, முள்ளங்கி அவிக்கிறன்."

"மூடி போட்டோ?"

"ஓம்."

"ஐயோ கடவுளே! மூடியைத் திறந்துவிட்டு அவியுங்கோவன். இந்த மனுசனோட அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டிருக்கும்!"

சிரித்துவிட்டேன். கண்ணும் கலங்கிவிட்டது. ஏச்சு வாங்கி எவ்வளவு காலம்! அக்கா அத்தோடு விடவில்லை. சாப்பிட்டேனா, ஏன் மெலிந்துவிட்டேன், மகள் கனடாவிலிருந்து கதைத்தாளா என்று கேட்டுக்கொண்டே நின்றார். அங்கே அவருடைய சோறு அடிப்பிடித்திருக்கும்.

நீங்கள் முள்ளங்கி அவித்தால் தயவுசெய்து மூடியைத் திறந்து வையுங்கள்.

நான் வருகிற சனிக்கிழமையும் மூடி போட்டுத்தான் அவிப்பேன்.