மூடச் சொன்ன ஓடை

போன கிழமை மன்னார் பஸ் நிலையத்தில் கைபேசி விழுந்து கண்ணாடி வெடித்துப்போனது. வேறு யாராவது என்றால் ஐயோ என்றிருப்பார்கள். நான் கீறல்களுக்கு நடுவே ஊசிபோல் மெலிந்த முக்கோணங்களைத் தேடிக்கொண்டு நின்றேன். பழக்கதோஷம், என்ன செய்ய!

என் முதல் வேலை அப்படி. கருவாட்டுக் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். கீழே வாளைக் கருவாடு மணக்கும். மேலே நாங்கள் கணினியில் கடலை முக்கோணங்களாக வெட்டிக்கொண்டிருப்போம். கட்டப்போகும் இறங்குதுறையால் நீரோட்டமும் மணலும் எப்படி மாறும் என்று கணிக்க, கடலை அப்படித் துண்டு போட்டால்தான் கணினிக்கு விளங்கும். ஆழத்தில் பெரிய துண்டு, கரையோரம் சின்னது. மெலிந்து நீண்டவை கணக்கைக் குழப்பும் என்பதால் திரையில் சிவப்பாகத் தெரியும். சிவப்பைத் துடைத்துவிட்டு, உடுப்பெல்லாம் கருவாட்டு மணத்தோடு, பெரிய விஞ்ஞானி நடையில் வீட்டுக்குப் போவேன்.

ஒரேயொரு இடம் மட்டும் சிவப்பாகவே கிடந்தது. வங்காலைப் பக்கம், படகுகள் கடலுக்கு இறங்கும் ஒடுங்கிய ஓடை. அதற்குள் நல்ல முக்கோணம் போடுவதென்றால் பொடிப்பொடியாகப் போடவேண்டும். பிறகு முழுக் கணக்கும் ஊர்ந்துதான் போகும். திரையில் ஓடையை மூடிவிடச் சொன்னார் எங்கள் எஞ்சினியர்.

என்னோடு வேலைசெய்த ஜெசிந்தா அந்த ஓடைக்கரைப் பிள்ளை.

"மூடினா எங்கட அப்பா எதால சேர் கடலுக்குப் போறது?" என்றாள்.

"இது கணக்குத்தானே பிள்ளை. உண்மையாவே மூடப்போறமா?"

"கணக்கில இல்லாத ஓடைய ஆர் சேர் காப்பாத்துவினம்?"

அவர், சரி, போட்டுப் பாருங்கோ என்றார்.

ஜெசிந்தா தானே பொடி முக்கோணங்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கரண்ட் போனால் கணக்கு நின்றுவிடும், திரும்பத் தொடங்கவேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்க நேரே கந்தோருக்கு வருவாள். கடைசியில் முடிவு வந்தது: அந்த இடத்தில் இறங்குதுறை கட்டினால் ஓடை மணலால் தூர்ந்துவிடும். துறையைத் தள்ளிக் கட்டச் சம்மதித்தார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். எனக்கும் பெரிய சந்தோஷம்.

இப்போது மென்பொருளே எல்லாவற்றையும் வெட்டித் தருகிறது. கந்தோரும் இல்லை, கருவாட்டுக் கடையும் இல்லை. ஜெசிந்தா தமையன்மாரோடு கனடாவில்.

அண்மையில் அவளுடைய அப்பாவை வங்காலையில் கண்டேன். ஓடை எப்படி என்று கேட்டேன்.

"ஓடைக்கென்ன தம்பி, நல்லா ஓடுது. வள்ளத்தைத்தான் வித்திட்டன். பிள்ளையள் ஒருத்தரும் இல்லாம ஆரோட கடலுக்குப் போறது?"